கடிகாரத்துக்கு ஒரு முழு டிக்கெட்

சால்டரிங் புகை மூக்கில் ஏறினால் எனக்கு வயிறு இடப்பக்கம் சாயும். மற்றவர்களுக்கு அது ரேடியோ ரிப்பேர் கடையின் வாசம். எனக்குக் கொல்லிமலைப் பாதை. போன வாரம் மாம்பலத்தில் செத்துப்போன செல்போனை எடுத்துக்கொண்டு ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் ஈயக் கம்பியைத் தொட்டார், வெண்புகை ஒரு நூலாக எழுந்தது, நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "தலை சுத்துதா சார்?" என்றார். "இல்லை, வளைவு" என்றேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், சித்திரை. என் அண்ணி நல்லம்மா அமெரிக்காவிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். பெட்டிக்கு முப்பது கிலோ. சுங்கத்தில் காகிதத்தைப் புரட்டிய அதிகாரி 'அணு' என்ற சொல் வந்ததும் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினாராம். "வெடிக்காதுங்க, மணிதான் காட்டும்" என்று சொல்லி அண்ணி வெளியே வந்திருக்கிறார்.

அண்ணி சேந்தமங்கலத்துப் பக்கம் கிணற்றுப் பாசனக்காரர் வீட்டுப் பெண். அண்ணன் மேற்படிப்புக்குப் போன ஊருக்குக் கல்யாணமான மறுவருஷமே கப்பலேறினார். பனியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தெருமுனைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ரேடியோ செய்துகொண்டிருந்த கம்பெனி அது. அப்போதுதான் அணுக் கடிகாரத்தைக் கடைச்சரக்காக விற்றுப் பார்க்கத் துணிந்திருந்தது.

முதலில் வந்தவை பீரோ உயரம். நாலு பேர் தூக்க வேண்டும். உள்ளே காற்றை எல்லாம் உறிஞ்சியெடுத்த ஒரு நீளக் குழாய். அதில் சீசியம் என்கிற பொன்னிற உலோகத்தின் அணுக்கள் ஓடும். உள்ளங்கைச் சூட்டிலேயே உருகி, காற்றுப் பட்டால் பற்றிக்கொள்கிற உலோகம். அந்த அணு தொள்ளாயிரத்துப் பத்தொன்பது கோடியே இருபத்தாறு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று எழுபது முறை துடித்தால் ஒரு விநாடி. அண்ணி இந்த எண்ணை வீட்டு விலாசம் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் சொல்வார். ராணுவம் வாங்கியது, கப்பற்படை வாங்கியது. மற்றவர்களுக்கு இது எதற்கென்று விளக்குவதிலேயே விற்பனையாளர்களின் தொண்டை வற்றிப்போயிற்று.

இதைத் தொடங்கிவைத்த பேராசிரியருக்கு உண்மையில் விற்கிற ஆசை இல்லையாம். பூமியை விட்டு மேலே போகப்போக நேரம் ஒரு துளி வேகமாக ஓட வேண்டும் என்பது கணக்கு. ஒரு கடிகாரத்தைப் பள்ளத்தாக்கில் வைத்து, இன்னொன்றை மலைமேல் ஏற்றி, அது நிஜந்தானா என்று பார்க்கத்தான் அவர் ஆசைப்பட்டார். கடைசியில் கடிகாரம் சந்தைக்குப் போனது, மலைக்குப் போகவில்லை. தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையைக் கேட்ட அண்ணி, "எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது" என்றிருக்கிறார். அங்கே வேலை வாங்கிய மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்து, "போகும்போது சொல், நானும் தொப்பியை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்றானாம்.

அந்தச் சிரிப்பு நாற்பது வருஷம் அண்ணியின் காதிலேயே குடியிருந்தது. பீரோ சுருங்கி டிரங்குப் பெட்டியானது. அண்ணன் காலமானார். ஏதோ ஓர் ஆய்வுக்கூடம் இரண்டு பழைய கடிகாரங்களைக் கழித்துக்கட்டியபோது அண்ணி வாங்கிக்கொண்டார். அதில் ஒன்றின் குழாய் அறுபத்தேழில் அவரே மூடி முத்திரையிட்டது. அலமாரியில் தூங்கியே காலம் கழித்ததால் அதில் இன்னும் கொஞ்சம் சீசியம் மிச்சம். "ஒரு வாரம் தாங்கும், பத்து நாள் தாங்கும். நடுவுல கரண்டு போய் அணைஞ்சா மறுபடி பத்தாதுங்க தம்பி" என்றார். அதுதான் நிலவரம். ஒரு மலை, ஒரு குழாய், ஒரே ஒரு தடவை. எனக்கு ஏன் அழைப்பு? அலைகிற காலுக்கு வேலை கொடுக்கத்தான் என்றார்.

முதல் நாள் முழுக்க சேந்தமங்கலத்தில் ஜமால் பாயின் பேட்டரிக் கடை. அமில நெடி, ஈயப் புகை, மூலையில் ஒரு ரேடியோ. அணைந்து கிடந்த கடிகாரங்களைப் பற்றவைக்க அண்ணியும் பாயும் அதற்கு முந்தைய நாலு நாள் படாத பாடு பட்டிருந்தார்கள். நான் போனபோது இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. நடுவில் இரண்டையும் ஒப்பிட்டு எண் காட்டும் ஒரு கருவி. எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து மலையிலிருந்து இறங்கியதும் மறுபடி ஒரு எண். ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக வெட்டினால் அதில் இருபத்தெட்டுக் கூறு மலைக் கடிகாரம் முந்தியிருக்க வேண்டும்.

முகப்பில் முள் ஓடுகிற சின்ன வட்டக் கடிகாரமும் இருந்தது. வெளியே மத்தியானம் மூன்று மணி. அது ஒன்பதரை காட்டியது.

"அண்ணி, தப்பா காட்டுதே?"

"கிரீன்விச் நேரம் தம்பி. உலகத்துல எங்க வெச்சாலும் இதுகளுக்கு அதுதான்."

என்னிடம் சொன்னார். பாயிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பாய் அப்போது வீட்டிலிருந்து எங்களுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் எடுத்துவரப் போயிருந்தார்.

தொடக்கூடாத பொத்தான்கள் மேல் அண்ணி சிவப்பு நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்திருந்தார். தொழிற்சாலைப் பழக்கம். சொட்டு உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிளம்பும்போது, கீழேயே தங்கவிருந்த கடிகாரத்தைக் காட்டி, "பாய், கரண்டு மட்டும் போகாம பாத்துக்குங்க" என்றார். பாய் நெஞ்சில் கை வைத்தார். "அக்கா, எங்கூட்டுப் பிள்ளை மாதிரிப் பாத்துக்கறேன்."

இரண்டாம் நாள் காலை, மலை பஸ். கடிகாரத்தைத் தூக்க இரண்டு பேர், அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டே உடன்வந்த இரண்டு கார் பேட்டரிகளைத் தூக்க இன்னும் இரண்டு பேர். பேட்டரி பதினாறு மணி நேரம் தாங்கும் என்பது பாயின் உத்தரவாதம்.

"இதென்னுங்க, டிவிப் பொட்டிங்களா? டாப்புல போட்ருங்க" என்றார் நடத்துநர்.

"கடிகாரம்" என்றார் அண்ணி. "ஓடிட்டிருக்குது. சீட்டுல உக்காந்துதான் வரும். ஒரு முழு டிக்கெட் குடுங்க."

"லக்கேஜ் டிக்கெட் தாரனுங்க. முழு டிக்கெட் ஆளுக்குத்தானுங்க."

"லக்கேஜ்னா நடுவுல எந்திரிக்கச் சொல்லுவீங்க. டிக்கெட் வாங்கின ஆளை எந்திரின்னு சொல்ல முடியுங்களா?"

"அதெப்படிங்க முடியும்?"

"அப்ப ஆளுன்னே வெச்சுக்குங்க."

இது அண்ணியின் பிடிவாதம் மட்டுமல்ல. அந்தத் தொழிலின் வழக்கமே அதுதான். அந்தக் காலத்தில் கடிகாரத்தை ஊர் ஊராக எடுத்துப்போய்க் காட்டிய ஆட்கள், விமானத்தில் அதற்குப் பக்கத்து இருக்கையில் டிக்கெட் எடுத்து, பெல்ட்டும் போட்டுவிடுவார்களாம். அண்ணி இதைச் சொன்னதும் பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "வயசென்னங்க அதுக்கு? அரை டிக்கெட்டு போதுமான்னு பாருங்க."

"முப்பத்திரெண்டு" என்றார் அண்ணி, முகம் மாறாமல்.

நடத்துநர் முழு டிக்கெட்டே கிழித்தார். ஜன்னலோரம் கடிகாரத்துக்கு. எனக்கு நடைபாதைப் பக்கம். சென்னையில் பதினேழு வருஷம் பஸ்ஸில் நின்றே போன நான், முதல்முறையாக ஒரு பெட்டிக்கு ஜன்னலை விட்டுக்கொடுத்து அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு போனேன்.

காரவள்ளி தாண்டியதும் மலை ஆரம்பம். எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் பஸ் ஒரு யோசனையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதுபோல் திரும்பியது. ஒரு திருப்பத்தில் சமவெளி இந்த ஜன்னலில் இருக்கும், அடுத்த திருப்பத்தில் அந்த ஜன்னலுக்குப் போய்விடும். மூங்கில் உரசியது. யாருடைய மூட்டையிலோ பலாப்பழம் பழுத்து வெடித்து, அதன் வாசம் பஸ்ஸில் இன்னொரு பயணிபோல் நின்றுகொண்டு வந்தது.

நாற்பத்து மூன்றாவது வளைவில் எதிரே லாரி. ஓட்டுநர் பிரேக் மிதித்தார். இன்ஜின் அணைந்தது. லாரி போய்விட்டது. சாவியைத் திருப்பினால் பஸ் ஒரு முனகல் முனகி ஓய்ந்தது. "பேட்டரி போச்சுங்க" என்றார் ஓட்டுநர்.

பஸ்ஸில் ஐம்பது பேர். நூறு கண்ணும் ஒரே நேரத்தில் எங்கள் இருக்கைக்குக் கீழே போயின. அங்கே இரண்டு பேட்டரிகள் கும்மென்று உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்கம்மா" என்றார் பலாப்பழ மூட்டைக்கு உரிய அம்மாள். "ஒரு நிமிசம் கழட்டிக் குடுத்தாத்தான் என்ன? நின்னுபோனா மறுபடி சாவி குடுத்துக்கலாமில்ல?"

"சாவி குடுக்கற கடிகாரமில்லீங்க. நின்னா செத்துப்போச்சு."

பெட்டியைப் பார்த்த பார்வைகள் மாறின. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நோயாளியைப் பார்க்கிற பார்வை. அந்த அம்மாள் பலாச்சுளை ஒன்றை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "திங்குங்க. பாவம், வெறும் வயித்தோட கூட்டியாரீங்க" என்றார்.

கடைசியில் ஓட்டுநரே வழி சொன்னார். பஸ்ஸைப் பின்னோக்கிக் கீழே உருட்டி, ரிவர்ஸ் கியரில் இன்ஜினைப் பிடிக்க வைப்பது. எல்லோரும் இறங்க வேண்டும். கடிகாரத்தை இறக்கினால் ஒயர் கழலும் என்பதால் அது இருக்கட்டும் என்றார் அண்ணி. "தம்பி, நீங்களும் இருங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"நீங்க அண்ணி?"

"நான் கீழ நின்னு பாத்துக்கறேன். ரெண்டு பேரும் போயிட்டா அப்புறம் எண்ணை யாரு படிக்கறது?"

ஓட்டுநர் பிரேக்கை விட்டார். மலை பின்னாலிருந்து முன்னால் ஓடிவந்தது. பாறை, மூங்கில், மைல்கல், கையை ஆட்டிக்கொண்டு நின்ற ஐம்பது பேர் எல்லாம் என்னைத் தாண்டி மேலே ஏறிப்போனார்கள். ஒரு மாபெரும் கை என் வாழ்க்கையைப் பின்னுக்குச் சுருட்டுவதுபோல் இருந்தது. இன்னும் நாலு வளைவு போனால் பள்ளிக்கூடம் வந்துவிடும் என்று தோன்றியது. பெட்டியைக் கட்டிக்கொண்டேன். கன்னத்தில் அதன் இரும்பு வெதுவெதுவென்று சுட்டது. உறுமல். குலுக்கல். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பச்சை விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

நடத்துநர் முதலில் ஏறிவந்து கடிகாரத்தை விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க ஆளு அசையவே இல்லீங்க. நீங்கதான் அந்தக் கத்துக் கத்துனீங்க."

மலைமேல் குண்டூர் நாட்டில் மாவு மில் வைத்திருந்த சின்னக்கண்ணு, பாயிடம் பேட்டரி வாங்குகிறவர். மில் அறையின் ஒரு மூலையில் கடிகாரத்தைக் குடியேற்றினோம். அங்கும் ஒரு சிக்கல். ராகி அரைக்க மோட்டாரைப் போட்டால் விளக்கெல்லாம் வாடி, சார்ஜரும் வாடும். எனவே காலையில் மாவு, மத்தியானம் சார்ஜ் என்று ஒப்பந்தம். மத்தியானம் அரைக்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கடிகாரத்தை வைதார்கள். இரண்டாம் நாளிலிருந்து வைதுகொண்டே நலம் விசாரித்தார்கள்.

மூன்று நாளும் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. மாம்பலத்தில் பசி மணி பார்த்து வரும். இங்கே குளிர்ந்த காற்று வரும்போதெல்லாம் வந்தது. ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாத நான் மிளகுக்கொடிகளுக்கு நடுவே சும்மா நடந்தேன். அண்ணி நகரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மிச்சமுள்ள சீசியத்தைக் காட்டும் மீட்டரின் முள்ளைப் பார்த்துக் குறித்தார். அது ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை இறங்கியது.

எதற்கு இதெல்லாம் என்று சின்னக்கண்ணு கேட்டார். அண்ணி சொன்னார்.

"அப்ப மேல நாங்க சீக்கிரம் கெழடாவறமுங்களா?"

"ஆவறீங்க. ஆனா கண்ணுக்குத் தெரியாது. நூறு வருசம் இருந்தாலும் ஒரு கண் சிமிட்டுக்குள்ள அடங்கிரும்."

அவர் மனைவி வெள்ளையம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "கண்ணுக்குத் தெரியாதுங்களா? எந்தங்கச்சியக் கீழ கட்டிக் குடுத்தாங்க. எனக்கு ஒரு வருசம்தான் எளையவ. போயிப் பாருங்க, கொமரியாட்டம் இருக்கறா. நான் இந்த மனுசனக் கட்டி மேல வந்தேன்." பிறகு கணவரைப் பார்த்தார். "இத்தன நாளா உம்மேல சந்தேகப்பட்டேன். மலைதானாம்."

"அப்பாடா" என்றார் சின்னக்கண்ணு.

மூன்று நாள் முடிந்து இறங்கினோம். அதே நடத்துநர், அதே முழு டிக்கெட். பச்சை விளக்கு எரிந்தபடியே பாயின் கடைக்குள் நுழைந்தோம். அண்ணி நோட்டைத் திறந்தார். பழைய எண்ணின் மேல் விரலை வைத்தார். நாற்பது வருஷம் அந்த விரலில் இருந்தது.

பாய் முந்திக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. "அக்கா, ஒரு விசயம். நீங்க போன மறுநாளே கவனிச்சேன். ஊரெல்லாம் பத்தரை மணி, இது மட்டும் அஞ்சுங்குது. பக்குனு ஆயிருச்சு. நான்தான் ஏதோ பண்ணிட்டேனோன்னு பயந்துட்டேன். உங்க பொருளு. தப்பா ஓட உட்டு எப்படி உங்ககிட்ட ஒப்படைக்கறது? அதான் சரி பண்ணி வெச்சுட்டேன்."

அண்ணி முகப்பைப் பார்த்தார். "முள்ளைத் திருப்பினீங்களா? அதனால ஒண்ணுமில்லீங்க பாய். முகப்புதான். துடிப்பு வேற."

"முள்ளு மட்டுமில்லீங்க." பாய் இன்னும் மலர்ந்தார். "ரேடியோவுல பீப் அடிக்கறப்ப பாத்தா ஒரு நூல் பின்னால இருந்துச்சு. இந்தப் பொத்தான அமுக்குனா சேந்துக்குது. மேல ஏதோ செவப்பா அழுக்கு ஒட்டியிருந்துச்சு. அதையும் தின்னர் போட்டுத் தொடச்சுட்டேன்."

ஒப்பிட வேண்டிய துடிப்பே அந்தப் பொத்தானுக்குள்தான் இருந்தது; அமுக்கியதும் அது நகர்ந்து, நோட்டிலிருந்த முதல் எண் செல்லாமல் போயிற்று. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக வெட்டி, அதில் இருபத்தெட்டைத் தேடி மலையேறிவிட்டு வந்தவர்களுக்கு, பாய் ரேடியோ பீப்பை வைத்து நேரத்தைச் சரிசெய்து கொடுத்திருந்தார்.

அண்ணி பேட்டரிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பாயின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "தப்புப் பண்ணிட்டனுங்களா அக்கா?" என்றார்.

அண்ணியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். "முதல் கடிகாரத்தை வித்தப்ப, வாங்கினவங்க ஆபீசுல காவல்காரன் ஒருத்தன் இதேதான் பண்ணினானாம் பாய். கைக்கடிகாரத்தைப் பாத்துச் சரி பண்ணி வெச்சானாம். எங்க மேஸ்திரி ஒரு வாரம் சாப்பிடலை." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மலையிலிருந்து வந்த பெட்டியின் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "இன்னும் நாலு நாள் தாங்கும். தாங்கணும்."

அவ்வளவுதான். இரண்டையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் புது எண் குறித்தார். கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துப் புதுச் சொட்டு வைத்தார். நாளைக் காலை பஸ்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மர்மம் வைத்துக் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை. இரண்டாம் தடவை வந்த எண் முப்பத்தொன்று. இருபத்தெட்டுக்கு மேல் உள்ள மூன்று பழைய குழாயின் தள்ளாட்டம் என்றார் அண்ணி. மலை மேலே நேரம் முந்தித்தான் ஓடியது. எண்ணைக் குறித்த மறுநாள் பச்சை விளக்கு அணைந்தது, பிறகு பற்றவே இல்லை. மேஸ்திரியின் விலாசம் தெரியாததால் அந்த எண்ணை என்னிடமும் பாயிடமும் மாறி மாறிச் சொல்லித் தீர்த்தார்.

ஆனால் என் பயணம் அதற்கு முன்னாலேயே, அந்தப் பஸ் கிளம்பிய நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. பாய் கடையில் இருக்க மறுத்துவிட்டார். "நான் இருந்தா கை சும்மா இருக்காதுங்க. பேட்டரியத் தூக்கிட்டு நான் மேல வாரேன்." அப்படியென்றால் கீழ்க் கடிகாரத்துக்குக் காவல் யார்? இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு ஊரில் இரண்டு இரவு தங்கினால் கால் அரிக்கிற எனக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிய பேட்டரிக் கடையில் மூன்று நாள் சிறை. கிரீன்விச் நேரத்தில்.

பஸ் நிலையத்தில் நடத்துநர் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் புத்தகத்தை எடுத்தார். "மூணு முழு டிக்கெட்டுங்களா?" பாய் பேட்டரியை மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்; பின்னோக்கி உருண்ட கதையை நான் முந்தின இரவு அவருக்கு விரிவாகச் சொல்லியிருந்தேன். ஜன்னலோரம் கடிகாரம். அதன் தோளுக்கு மேலாக அண்ணியின் தலை.

பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலடி நடந்தேன். "அண்ணி, ஊர் மணிக்கும் கடிகாரத்துக்கும் வித்தியாசம் வந்தா, விளக்கு மாறினா, முள்ளு நின்னா, என்ன பண்ணட்டும்?"

அண்ணி ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, சிவப்பு நகத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"எதையும் சரி பண்ணிராதீங்க தம்பி!"